டாக்காவில் சுண்டிய காசு

பாளையங்கோட்டை

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. குறுவட்டப் போட்டியில் உங்கள் பள்ளி ஜெயித்து மாவட்டத்துக்குத் தேறியதை நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் இரண்டு பக்கமும் சண்டை பிடித்திருக்கிறாய். "கோப்பையை யாராவது டாஸ் போட்டுக் கொடுப்பாங்களா அத்தை? போட்டு நம்ம பிள்ளைங்க ஜெயிச்ச பெறகு, அதை எதுக்குப் பங்களாதேஷோட பங்கு வச்சாங்க?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு விதிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

நீ யூடியூபில் பார்த்தது 2024 பிப்ரவரி 8 அன்று டாக்கா கமலாபூர் மைதானத்தில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தெற்காசிய இறுதியாட்டம். நடத்தியது சாஃப், அதாவது தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. 1997-ல் தொடங்கியது; இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், இலங்கை, மாலத்தீவு என்று ஏழு நாடுகள். அந்த வருடம் இந்தப் போட்டிக்கு வந்தது நாலு நாடு. 8-ஆவது நிமிடத்திலேயே சிபானி தேவி கோல் போட்டு இந்தியாவை முன்னே கொண்டுவந்துவிட்டாள். அதன் பிறகு தொண்ணூறு நிமிடம் வரை அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்தார்கள். கூடுதல் நிமிடங்களில் பங்களாதேஷின் சாகரிகா என்ற பெண் சமன் செய்தாள். லீக் ஆட்டத்திலும் கடைசி நேரத்தில் இந்தியா மீது கோல் போட்டு 1-0 என்று ஜெயிக்க வைத்தவள் அவள்தான். ஒரே ஆளிடம் ஒரே மாதிரி இரண்டு தடவை மாட்டிக்கொண்டார்களே என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. அது வேறு கதை.

பிறகு டை பிரேக்கர். ஐந்து ஐந்து அடித்தும் சமன். ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு கோல் கீப்பர்களும் வந்து அடித்தார்கள். 11-11. இருபத்திரண்டு பேரில் ஒருத்திகூடத் தவறவிடவில்லை. இருபது வயது ஆகாத பிள்ளைகள், இறுதியாட்டத்தில், அத்தனை அழுத்தத்தில்! இதைப் பற்றித்தான் அன்றைக்கு எல்லோரும் பேசியிருக்க வேண்டும். பேசியதோ அடுத்து நடந்ததை.

நடுவர் தொடரப் போன நேரத்தில் மேட்ச் கமிஷனர் குறுக்கிட்டு, பூவா தலையா போட்டு முடித்துவிடலாம் என்றார். காசு சுண்டினார்கள். இந்தியாவுக்கு விழுந்தது. நம் பிள்ளைகள் துள்ளிக் குதித்து ஓடினார்கள். பங்களாதேஷ் பிள்ளைகள் மைதானத்தை விட்டு நகரவில்லை; அப்படி ஒரு விதியே கிடையாது என்று நின்றுவிட்டார்கள். கூட்டம் பாட்டில்களை வீச ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே கமிஷனர் தன் முடிவை வாபஸ் வாங்கி, மறுபடி பெனால்டி அடிக்க வரச் சொன்னார். இந்திய அணி வரவில்லை. கடைசியில் இரண்டு அணியும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்து அந்த இரவை முடித்தார்கள்.

இப்போது விதிக்கு வா. உலகக் கால்பந்து முழுக்க ஓடுவது 17 விதிகளில். அதில் 10-ஆவதில் இந்தச் சங்கதி இருக்கிறது. ஐந்து ஐந்து அடித்தும் சமனாக இருந்தால், இரு அணியும் சம எண்ணிக்கையில் அடித்து ஒன்று மற்றதைவிட ஒரு கோல் அதிகம் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே போக வேண்டும். அணியில் தகுதியுள்ள எல்லோரும் ஒரு முறை அடித்து முடிக்காமல் யாரும் இரண்டாம் முறை அடிக்க முடியாது. எல்லோரும் அடித்தாயிற்று என்றால் மறுசுற்று. அப்போது அடிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. எத்தனை சுற்று என்ற வரம்பே புத்தகத்தில் கிடையாது. டை பிரேக்கரில் காசுக்கு இரண்டே வேலை: எந்த கோல் கம்பத்தில் அடிப்பது, யார் முதலில் அடிப்பது. இரண்டும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஆக, டாக்காவில் இரு அணிக்கும் 12-ஆவது உதை நடந்திருக்க வேண்டும். இந்தியா சார்பில் இதைச் சொல்ல எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது; சொல்லாமல் இருக்க முடியாது. அதிகாரி சொன்ன முடிவை நம்பிக் கொண்டாடிய பிள்ளைகள் மேலும் தப்பில்லை, விதியைச் சொல்லி நின்ற பிள்ளைகள் மேலும் தப்பில்லை. பாட்டில் வீசியவர்களுக்கு மட்டும் நான் பரிந்து பேச மாட்டேன்.

கோப்பையைக் காசு தீர்மானித்த காலமும் உண்டு. 1968-ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் நேப்பிள்ஸ் நகரில் கோல் இல்லாமல் முடிக்க, காசு சுண்டித்தான் இத்தாலி இறுதிக்குப் போனது. கோப்பையையும் அந்த வருடம் எடுத்துவிட்டது. அதே வருடம் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் சீட்டுக் குலுக்கலில் பல்கேரியாவிடம் வெளியேறியது. அந்த வயிற்றெரிச்சலில் யோசெஃப் தாகான் என்ற இஸ்ரேல்காரர் பெனால்டி முறையை எழுதி அனுப்ப, 1970-ல் அது சட்டமாயிற்று. டாக்காவில் காசைச் சுண்டியவர் ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் தூக்கிப்போட்ட வழக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். பொறுப்பில் இருப்பவருக்கே விதி மறந்துபோகலாம். அதனால்தான் ஆடுகிறவளும் அதைப் படித்திருக்க வேண்டும் என்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் எத்தனையோ ஆட்டங்கள் "சார் சொல்லிட்டாரு" என்ற ஒரே வார்த்தையில் முடிந்துபோகின்றன. சார் சொன்னது சரியா என்று கேட்கத் தெரிந்தவள் அணித் தலைவியாக இருக்க வேண்டும். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: தலைவி ஒருத்தி மட்டும் போய், கை கட்டாமல், குரல் உயர்த்தாமல் கேட்க வேண்டும்.

டாஸ் பற்றி இன்னொன்று, இது நேரே உனக்கு. 2019-லிருந்து 8-ஆவது விதியில் ஒரு மாற்றம். டாஸ் ஜெயித்த அணி, எந்தப் பக்கம் நோக்கி ஆடுவது என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது பந்தை முதலில் எடுக்கலாம். உங்கள் குறுவட்டப் போட்டிகள் நடப்பது ஆடிக் காற்று சமயத்தில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று உங்கள் நாங்குநேரி மைதானத்தில் என்ன செய்யும் என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோல் கிக் அடித்த பந்து பாதி வழியில் மேலே எழும்பி, அடித்தவள் தலைக்கே திரும்பி வருவதைப் பார்த்திருப்பாய். காற்றுக்கு எதிராக ஆடும் பாதியில் பந்தைத் தரையோடு வைத்துக் குட்டை குட்டையாகப் பாஸ் கொடு. காற்று முதுகில் இருக்கும் பாதியில் தூரத்திலிருந்தே கோலுக்கு அடி, கார்னரைக் கோலுக்குள் வளைத்து விடு. டாஸ் ஜெயித்தால் எந்தப் பாதியை எடுப்பது? நானாக இருந்தால் முதல் பாதியிலேயே காற்றை எடுத்துக்கொள்வேன். மத்தியானத்துக்குப் பிறகு காற்று என்ன செய்யும் என்று யார் கண்டது. கையில் இருக்கும்போதே கோலைப் போட்டுவிடு. உங்கள் பி.டி. டீச்சர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேள்.

போட்டியின் ஒழுங்குமுறை என்று தனியாக ஒன்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அதையும் யாரும் படிப்பதில்லை. 2022 மார்ச்சில் ஜம்ஷெட்பூரில் 18 வயதுக்குட்பட்டோர் சாஃப் போட்டியில் மூன்றே நாடுகள், ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை ஆட வேண்டும், இறுதியாட்டம் கிடையாது. கடைசி ஆட்டத்தில் இந்தியா பங்களாதேஷிடம் 0-1 என்று தோற்றது. கோப்பை இந்தியாவுக்கு! புள்ளிகள் சமம், கோல் வித்தியாசம் நமக்கு அதிகம். 2025 ஆகஸ்டில் திம்புவில் 17 வயதுக்குட்பட்டோருக்கும் அதே லீக் முறை. அங்கேயும் கடைசி ஆட்டத்தில் பங்களாதேஷிடம் 3-4 என்று தோற்றுவிட்டுத்தான் கோப்பையைத் தூக்கினார்கள். லீக் என்றால் நாலு கோல் முன்னால் இருக்கும்போது "போதும்டி" என்று மெதுவாக நடக்கக் கூடாது. ஐந்தாவது கோல் ஒரு வாரம் கழித்து வேறு யாரோ ஒரு எதிரணியின் கணக்கில் வேலை செய்யும்.

இவ்வளவு ஆட்டங்களிலும் எதிரே பங்களாதேஷ் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்திருப்பாய். நம்மைவிட எத்தனையோ மடங்கு சின்ன நாடு. இதை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் இது நாங்குநேரி மாதிரி ஓர் ஊரின் கதை.

மேகாலய எல்லையை ஒட்டி, காரோ மலை அடிவாரத்தில், மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். அங்கே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. 2011-ல் பங்களாதேஷ் அரசு நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு கால்பந்துப் போட்டி ஆரம்பித்தது. கல்சிந்தூரில் மொஃபிஸ் உத்தீன் என்ற ஆசிரியர் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். வீடு வீடாகப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதுதான் பயிற்சியைவிடப் பெரிய வேலை என்பது நம்மூர்ப் பி.டி. டீச்சர்கள் யாருக்கும் தெரியும். 2013, 2014, 2015 என்று மூன்று வருடமும் நாட்டிலேயே முதலிடம் அந்தப் பள்ளிக்கு. மாரியா மண்டா, சஞ்சிதா அக்தர், ஷம்சுன்னஹார் எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

2015 ஏப்ரலில் 14 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான ஆசிய மண்டலப் போட்டி காத்மாண்டுவில் நடந்தது. நேபாளமும் பங்களாதேஷும் இறுதிக்கு வந்துவிட்டன. ஏப்ரல் 25 அன்று அந்தப் பெரிய பூகம்பம் வந்தது. ஆயிரக்கணக்கானவர் மாண்ட ஊரில் யாருக்கு ஆட்டம் வேண்டும். பிள்ளைகளைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் திரும்பி வந்து அதே காத்மாண்டுவில் இறுதியாட்டத்தை ஆடி, 1-0 என்று பங்களாதேஷ் கோப்பையை எடுத்தது. அடுத்த வருடம் துஷான்பேயில் அதே போட்டியின் இறுதியில் இந்தியாவை 4-0 என்று அடித்தார்கள். 2017-ல் டாக்காவில் 15 வயதுக்குட்பட்டோர் சாஃப் இறுதியில் மறுபடி இந்தியாவை 1-0. அப்போது அணித் தலைவி மாரியா மண்டா. அதற்கடுத்த இரண்டு வருடமும் திம்புவில் நாம் திருப்பிக் கொடுத்தோம்: 2018-ல் 1-0, 2019-ல் பெனால்டியில். வயதுப் பிரிவுப் போட்டிகளில் கோப்பை இப்படி மாறி மாறிப் போகும்.

மாறாமல் நின்றது பெண்களின் சீனியர் கோப்பைதான். 2010-லிருந்து 2019 வரை நடந்த ஐந்து சாஃப் சாம்பியன்ஷிப்பும் இந்தியாவுக்கே. அதுவரை வேறு யாரும் தொட்டதில்லை. 2022-ல் காத்மாண்டுவில் அந்த வரிசை உடைந்தது. லீக்கில் பங்களாதேஷிடம் 0-3, அரையிறுதியில் நேபாளத்திடம் 0-1. இறுதியில் நேபாளத்தை 3-1 என்று ஜெயித்துப் பங்களாதேஷ் கோப்பையை எடுத்தது. அந்த அணியில் மாரியா, சஞ்சிதா, ஷம்சுன்னஹார் எல்லோரும் இருந்தார்கள். ஏழெட்டு வருடம் அந்தப் பிள்ளைகளைக் கலைக்காமல் ஒன்றாக வைத்து, பள்ளிப் போட்டி, 14 வயது, 15 வயது, 18 வயது என்று படிப்படியாக அயல்நாடுகளோடு ஆட வைத்ததற்கான கூலி அது. பத்து வயதில் ஒரு பிள்ளையிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, பதினாறு வயதில் "நல்லாப் படி, பந்து போதும்" என்று வாங்கி வைத்துக்கொண்டால் இது நடக்காது. நம் பக்கம் நடப்பது அநேகமாக அந்த இரண்டாவதுதான். மதினி இதைப் படித்தால் என் மேல் கோபப்படுவாள். படிக்கட்டும்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதே. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தேசிய சீனியர் கோப்பையை எடுத்தார்கள். மணிப்பூரை வீழ்த்துவது பெண்கள் கால்பந்தில் என்ன பெரிய காரியம் என்று உன் டீச்சரிடம் கேள். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து மறுபடி எடுத்தார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. கடலூர்க்காரி இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினாள். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனாள். கடலூரும் மதுரையும் பெண்களுக்குப் பந்து கொடுத்தன. நம் தெற்கத்திச் சீமையில் கால்பந்து என்றால் கடற்கரை ஊர்ப் பையன்கள், அப்புறம் குமரி மாவட்டத்துத் தூத்தூர். பெண் பிள்ளைகள் இன்னும் கரையில்தான் நின்று பார்க்கிறார்கள். இந்த நிலைமைக்கு நடுவில்தான் 2025-ல் இந்தியாவின் 20 வயதுக்குட்பட்ட அணி யாங்கூனில் மியான்மரை ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்டோபரில் பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை ஜெயித்து 17 வயதுக்குட்பட்ட அணியும் பின்னாலேயே போனது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் நீ ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாய்.

வழி இரண்டு. பள்ளி வழியில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பிறகு தேசியப் பள்ளி விளையாட்டு. சங்க வழியில் மாவட்டக் கால்பந்துச் சங்கம், மாநில சப்-ஜூனியர் அல்லது ஜூனியர் அணி, தேசிய சாம்பியன்ஷிப். இந்திய முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது வழியில். பள்ளிப் போட்டி ஆடினால் போதும், யாராவது பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. சங்கத்தின் தேர்வு முகாம் அண்ணா ஸ்டேடியத்தில் எப்போது என்று விசாரித்து உனக்குச் சொல்கிறேன்.

உடை பற்றி உன் அம்மைக்கு இருக்கும் கவலைக்கும் விதிப் புத்தகமே பதில் சொல்கிறது. 4-ஆவது விதி. ஷார்ட்ஸுக்குள் கால் முழுக்க மூடும் இறுக்கமான டைட்ஸ் போடலாம். ஷார்ட்ஸின் நிறத்தில் இருக்க வேண்டும், அணியில் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே நிறம் போட வேண்டும், அவ்வளவுதான். ஏர்வாடியிலிருந்து வரும் உன் சிநேகிதி தலையை மூடிக்கொண்டு ஆடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. 2014-லிருந்து அதற்கு முழு அனுமதி உண்டு. துணி கறுப்பாகவோ சட்டையின் முக்கிய நிறத்திலோ இருக்கட்டும், சட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கக் கூடாது. யாராவது ஆட்சேபம் சொன்னால் விதி எண்ணைச் சொல்.

அதே 4-ஆவது விதியில்தான் கையில் கட்டுவதும் வருகிறது. மோதிரம், வளையல், தோடு, தோல் பட்டை, ரப்பர் பட்டை எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் உள்ளே போக முடியும். நடுவர் வரிசையாக நிறுத்திக் கையைப் பார்ப்பார். காரணம் சாதாரணம்: பாய்ந்து மோதும்போது அடுத்தவள் முகத்தில் கீறக் கூடாது. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது என்று உனக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியின் பெயர் பள்ளி மாணவன் மீது நடந்த சாதி வெறித் தாக்குதலுக்காகப் பேப்பரில் வந்தது என்பதும் தெரியும். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடம் கழற்றச் சொன்னால் வீட்டில் சண்டைக்கு வருகிறவர்கள்கூட, ரெஃப்ரி கழற்றச் சொன்னால் ஒன்றும் பேசுவதில்லை. மாவட்டப் போட்டிக்குப் போகும் வேனில் ஏறும்போதே எல்லோரும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது மறுபடி கட்டுவதா என்பதை நீங்கள் பதினோரு பேரும் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். நான் அதில் தலையிடவில்லை.

கடைசியாகக் காகிதம். வயதுப் பிரிவு ஆட்டத்தில் தேதிதான் ராஜா. 2022-ல் புவனேஸ்வரில் இந்திய அணி ஆடிய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைக்கு 2005 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 31-ல் பிறந்தவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் வெளியே. அதனால் வயதைக் குறைத்துச் சொல்லும் ஆசை எங்கும் இருக்கிறது. நம் கூட்டமைப்பு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்ப்பது அதற்காகத்தான். யாராவது "ஒரு வருஷம் குறைச்சுப் போட்டுருவோம்" என்று வந்தால், அண்ணன் சரி என்றாலும் நீ சரி என்று சொல்லாதே.

உன் தேதியில் வில்லங்கம் இல்லை, பெயரில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இல்லை, ஆதாரில் முன்னால் இருக்கிறது, பள்ளிப் பதிவேட்டில் பின்னால் இருக்கிறது, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் கூடிப்போயிருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆடப் போக பாஸ்போர்ட் வேண்டும், அங்கே அப்பா பெயரை விரித்து எழுத வேண்டி வரும். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது. அண்ணனிடம் சொல்லி இந்த மாதமே பேரூராட்சி அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்து, அதில் உள்ளபடியே ஆதாரைத் திருத்தச் சொல். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்னால் பள்ளியிலும் அதே எழுத்துகளைக் கொடுத்துவிடு. மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு. மாவட்ட ஆட்டம் என்றைக்கு, எந்த மைதானம் என்று தெரிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை